ஆலையிலும் குடியிருப்பிலும் ஊரிலும் சூழலுக்கான மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். நாங்கள் இருக்கும் அடுக்ககத்தின் சங்கத்தில் 3 வருடம் செயலாளராகவும் இருந்தேன். இரண்டு இடத்திலும் மின்சாரம், தண்ணீர், குப்பை இந்த மூன்றையும் கொஞ்சமாவது சரிசெய்யப் பாடுபட்டதால், வேறு ஆலைகளில் இருப்பவர்களும், புதிதாகச் சங்கப் பொறுப்புக்கு வந்தவர்களும், ஊராட்சியில் ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்களும் என்னிடம் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சஸ்டெய்னபிலிட்டி, நிலைத்தன்மை என்று எல்லாரும் பேசுகிறார்கள். எளிமையாகச் சொன்னால் அது என்ன?

விதைநெல்லை எடுத்துச் சமைக்காமல் இருப்பது. பசி இருந்தாலும் அடுத்த போகத்துக்கு உரியதைத் தொடாமல் வைத்திருக்கும் வீட்டில் என்ன ஒழுங்கு இருந்ததோ அதைத்தான் ஆலைக்கும் ஊருக்கும் கேட்கிறோம். ஆலையில் விதைநெல் என்பது நிலத்தடி நீர், ஆறு, காற்று, வேலை செய்பவரின் உடம்பு. இதற்கு மேல் விளக்கம் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

எங்கே ஆரம்பிப்பது? செய்ய வேண்டியது மலைபோல் இருக்கிறதே.

கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் ஒன்றைப் பிடியுங்கள். எங்கள் ஆலையில் அது காற்று. கம்ப்ரசர் அழுத்திக் கொடுக்கும் காற்று குழாய் வழியாக எல்லா இயந்திரத்துக்கும் போகிறது, அந்தக் குழாயில் மூட்டுக்கு மூட்டு ஒழுகும், ஓடும் இயந்திரங்களின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா இயந்திரமும் நின்றிருந்தபோது, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, நானும் இரண்டு ஃபிட்டர் தம்பிகளும் ஒரு மக்கில் சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஷெட் முழுவதும் பாம்பு சீறுவதுபோல் ஒரே உஸ்ஸ்ஸ். நுரை பொங்கிய இடத்தில் எல்லாம் சிவப்புத் துணி கட்டிக்கொண்டே போனோம், மத்தியானத்துக்குள் கொண்டுபோன துணி தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் முதலில் பார்த்தது அந்தச் சிவப்புத் துணிகளைத்தான். யாரும் பேசாமலேயே விஷயம் புரிந்துவிட்டது. பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படி வீணாவது சாதாரணம். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று ஏறத்தாழ மூன்றிலிருந்து நான்கு கிலோவாட் தின்னும், அதாவது இரவும் பகலும் ஓடும் ஆலையில் யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்கூட அந்த ஒற்றை ஓட்டைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது. இதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு கிளாம்பும் ஒரு சுற்று டெஃப்லான் டேப்பும்.

முதல் வேலை இப்படி இருக்கட்டும். சின்னதாக, கையால் தொடக்கூடியதாக, ஒரு மாதத்தில் பலன் தெரிவதாக. சோலார், மரக்காடு எல்லாம் அப்புறம் வரலாம்.

விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம், போஸ்டர் ஒட்டினோம், உறுதிமொழிகூட எடுத்தோம். ஒன்றும் மாறவில்லையே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது, நானும் என் முதல் இரண்டு வருடத்தை இதில்தான் தொலைத்தேன். பிளாஸ்டிக் கெடுதல் என்று தெரியாதவர் இன்றைக்கு யார் இருக்கிறார்? எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாமல் இருப்பதற்குக் காரணம், செய்வதற்கான ஏற்பாடு இல்லாமல் இருப்பது. குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரே வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி எடுத்துப் போனால், மறுநாள் எந்த வீட்டில் பிரிப்பார்கள்? உறுதிமொழி எடுத்த கை சும்மா இருக்கிறது என்றால், அதற்கு வேலை கொடுக்கும் ஏற்பாட்டை நாம் செய்யவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீலகிரியைப் பாருங்கள். காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் வீசப்படும் மதுப் பாட்டில்கள் உடைந்து, யானை உட்பட விலங்குகளின் காலைக் கிழிப்பது பல வருடப் பிரச்சினை. கண்ணாடியை வீசாதீர்கள் என்ற பலகை மலைப்பாதை எங்கும் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகளில் ஒரு ஏற்பாடு வந்தது: பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது. அவ்வளவுதான். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வரத் தொடங்கின, குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் வேறொருவர் பொறுக்கி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குடிப்பவர்களின் மனத்தைத் திருத்தி இதைச் சாதிக்கவில்லை. காலிப் பாட்டிலுக்கு ஒரு மதிப்பும், அதைக் கொடுக்க ஓர் இடமும் உண்டாயின.

அதனால் கூட்டம் போடுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக் காலையில் இதைச் செய்ய நினைக்கும் ஒருவருக்கு, செய்வது சுலபமா, செய்யாமல் விடுவது சுலபமா? விடுவதுதான் சுலபம் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். கூட்டத்தை அதற்குப் பிறகு போடலாம், அப்போது கூட்டத்துக்கும் அர்த்தம் இருக்கும்.

நிர்வாகம் காது கொடுக்கவில்லை. முதலாளியிடம் எப்படிப் பேசுவது?

ஒரே ஒரு தாளோடு போங்கள். மூன்று மாத ஈ.பி. பில், வீணாகும் யூனிட், சரிசெய்ய ஆகும் செலவு, எத்தனை மாதத்தில் அந்தப் பணம் திரும்பும், யார் செய்வார்கள். பூமி வெப்பமாவதை அந்தத் தாளில் எழுதாதீர்கள். அது பொய் என்பதால் சொல்லவில்லை, முதல் சந்திப்பில் அவர் முடிவெடுக்க அது உதவாது என்பதால் சொல்கிறேன்.

ஆனால் பணக்கணக்கோடு நின்றுவிட்டால் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனம் இருக்கிறது, பெட்ரோலியத்திலிருந்து வரும் நூலை நம்பியிருக்கும் தொழில். அதை நிறுவிய ரே ஆண்டர்சனிடம் 1994-இல் அவருடைய வாடிக்கையாளர்கள், சுற்றுச்சூழலுக்கு உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள், அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி அவரை உலுக்கியது. பிறகு, 2020-க்குள் சூழலுக்குத் தீங்கே இல்லாத நிறுவனமாக மாறுவது என்று வெளிப்படையாக ஓர் இலக்கை அறிவித்தார். ஆரம்பத்தில் கழிவைக் குறைத்து மிச்சமான பணம்தான் மற்ற வேலைகளுக்குத் தைரியம் கொடுத்தது. எல்லாம் வெற்றி என்றும் இல்லை, தரைவிரிப்பை விற்காமல் வாடகைக்கு விடும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது சரியாகப் போகவில்லை. 2011-இல் அவர் இறந்த பிறகும் வேலை தொடர்ந்தது, 2019-இல் அந்த இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. எனக்கு இதில் பிடித்தது, முதலாளி தன் பெயரைப் போட்டு, ஆண்டையும் போட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் என்பது. அப்படிச் சொல்லிவிட்டால் கீழே இருக்கும் சூப்பர்வைசர்வரை அதைக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் சூழல், சமூகப் பொறுப்பு பற்றி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்கு விரிவான அறிக்கை கொடுத்தாக வேண்டும். நீங்கள் அப்படிப்பட்ட நிறுவனத்துக்குப் பொருள் கொடுப்பவர் என்றால் இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு உங்களிடம் கணக்குக் கேட்பார்கள். ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது ஏற்கெனவே பழகிய விஷயம்தான். இதை முதலாளியிடம் சொல்லுங்கள், காது கொடுப்பார்.

அபராதமும் தடையும் இல்லாமல் யாராவது மாறுவார்களா?

சில விஷயங்களில் மாற மாட்டார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் அன்பாகப் பேசியே சாதிக்கலாம் என்று நம்பிக் காத்திருந்ததற்கு நொய்யல் ஆறு விலை கொடுத்தது.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு போடுவார்கள், கிலோ கணக்கில். சாயம் துணியில் தங்கும், உப்பு தண்ணீரோடு வெளியே போகும். அந்தத் தண்ணீர் நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. எந்த விவசாயிக்காக அணை கட்டினார்களோ அதே விவசாயி, இந்த அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராட வேண்டிய நிலை வந்தது. கீழ்ப்பக்கக் கிணறுகளில் உப்பு, தென்னையில் குரும்பை கொட்டியது, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது.

ஒவ்வொரு பட்டறைக்கும் இது தெரியும். ஆனால் ஒருவர் மட்டும் செலவு செய்து சுத்திகரித்தால் அவர் வாங்கும் சாயக்கூலி ஏறும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். நல்ல மனம் இருந்தவரும் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், உத்தரவுகள் வந்தன, கெடு நீண்டுகொண்டே போனது, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறியவை மட்டும் படிப்படியாகத் திறந்தன. இன்றைக்கு அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை நுண்ணுயிரால் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் விட்டு, மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள், தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மறுபடி சாயம் போடப் போகிறது. எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே விதி என்று வந்த பிறகுதான் இது நடந்தது. போட்டியால் யாரும் முதல் அடி எடுக்க முடியாத தொழிலில் விதிதான் வழி, அதைத் தொழில் செய்பவர்களே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அப்படி மூடும்போது தொழிலாளியின் வயிறு என்ன ஆகும்?

2011-இல் காய்ந்தது. பட்டறை மூடிய மாதங்களில் வேலை போய் ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அவர்கள் நொய்யலைக் கெடுக்க முடிவெடுத்தவர்கள் இல்லை, கெட்ட தண்ணீரில் கை நனைத்து வேலை செய்தவர்கள். 15 வருடம் தள்ளிப்போட்டதை ஒரே நாளில் செய்தால் அதன் சுமை கூலிக்காரர் தலையில்தான் விழும். மாற்றத்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு முதல் காரணம் இதுதான்: சீக்கிரம் தொடங்கினால் மெதுவாகச் செய்யலாம், பயிற்சி கொடுக்கலாம், யாரையும் வெளியே தள்ளாமல் செய்யலாம். இன்னொன்று, கழிவுநீரை வெளியே விடாத அந்த முறையில் பிரிந்து வரும் கலப்பு உப்புக் கழிவை எங்கே வைப்பது என்பது இன்னும் முழுதாகத் தீராத தலைவலி. தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கிடங்கைக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் ஒத்துழைக்கிறார்கள், ஆனால் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள்தான் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?

அவர்களிடம் கேட்டீர்களா? தயவுசெய்து கேளுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் குப்பை பிரிக்கும் திட்டத்தைச் சங்கக் கூட்டத்தில் பேசி, ஓட்டெடுத்து, மூன்று நிறத் தொட்டி வாங்கி வைத்து, நாங்களே கைதட்டிக்கொண்டோம். தினமும் அதை எடுக்கும் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. இரண்டாவது வாரம் அவர் என்னிடம் வந்து, எதுவும் சொல்லாமல் கையுறையைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு வெட்டு, சாம்பல் நிறத்தில் பழைய துணி சுற்றியிருந்தது. யாரோ உடைந்த டம்ளரைக் காகிதத்தில்கூடச் சுற்றாமல் காய்கறித் தோலோடு போட்டிருக்கிறார்கள். பிரித்துப் போடாத வீட்டுக் குப்பையை அவர் கையால் பிரிக்க வேண்டியிருந்தது, அதுவும் பழைய சம்பளத்துக்கு, முன்பைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த கூட்டத்தில் அக்காவை உட்காரவைத்துக் கேட்டோம். அவர் கேட்டது மூன்று: தடித்த கையுறை, பிரிக்காத வாளியை எடுக்காமல் வாசலிலேயே விட்டுவிடும் அதிகாரம், பழைய பேப்பர் கடைக்குப் போடும் பொருளின் பணம் தனக்கு. மூன்றையும் ஒத்துக்கொண்டோம், சம்பளத்தையும் ஏற்றினோம். இரண்டு நாள் வாசலில் கிடந்து நாறிய வாளியைப் பார்த்த வீடுகள் மூன்றாம் நாள் பிரிக்க ஆரம்பித்தன. நாங்கள் அனுப்பிய 40 வாட்ஸ்அப் செய்தி செய்யாததை அந்த அதிகாரம் செய்தது.

மேலே சொன்ன பாட்டில் திட்டத்திலும் இதே பாடம் இருக்கிறது. வேறு மாவட்டங்களுக்கு அது விரிந்தபோது, காலிப் பாட்டிலை வாங்கி எண்ணி அடுக்க ஆளும் இடமும் இல்லை என்று டாஸ்மாக் ஊழியர்கள் போராடினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. நல்ல காரியத்தின் கூடுதல் வேலை யார் தோளில் இறங்குகிறது என்று முதல் நாளே பார்க்க வேண்டும்.

எதற்கெடுத்தாலும் எதிர்க்கும் ஒருவர் எல்லா இடத்திலும் இருக்கிறாரே, அவரை எப்படிச் சமாளிப்பது?

பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். சமையலறைக் கழிவை மக்கவைக்க உரக்குழி போடக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். வீண் பிடிவாதம் என்று நினைத்து அவரைத் தாண்டி ஓட்டெடுத்து நிறைவேற்றினோம், குழி அவர் ஜன்னலுக்கு 15 அடியில் வந்தது, பத்தாவது நாள் நாற்றம் தாங்கவில்லை. அப்புறம்தான் அவர் சொன்னார்: "தம்பி, நான் எருக்குழி பார்த்து வளர்ந்தவன். நீங்க சருகே போடாம வெறும் சோத்தையும் தோலையும் கொட்டுறீங்க. ஒரு பங்கு ஈரத்துக்கு ரெண்டு பங்கு காய்ஞ்ச எலை வேணும்." அவருக்குத் தெரிந்திருந்தது, நாங்கள் கேட்கவில்லை. இப்போது சருகு மூட்டைகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், குழியைக் கிளறும் நாள் எது என்பதும் அவர் முடிவு.

எல்லா எதிர்ப்பும் இப்படி முடியாது. கெட்ட எண்ணத்தோடு தடுப்பவரும் உண்டு. ஆனால் முதல் தடவை, எதிர்ப்பவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கேட்பதில் நஷ்டம் இல்லை.

எதை அளப்பது?

கிலோ, லிட்டர், யூனிட். இந்த மூன்றும் போதும்.

எங்கள் கேன்டீனில் தட்டு கழுவும் இடத்தில் ஒரு தராசும் ஒரு கரும்பலகையும் வைத்தோம். மீந்த சோறு எத்தனை கிலோ என்று தினமும் மதியம் எழுதுவோம், யார் மீதியாக்கினார் என்று எழுதுவதில்லை. முதல் வாரம் டிரம் வழிந்தது. எழுத எழுதத்தான் தெரிந்தது, வீணாவதில் பாதி முதல் கரண்டியில் நடக்கிறது: பரிமாறுபவர் வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்று கரண்டி நிறையப் போடுகிறார், சாப்பிடுபவர் மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்வதில்லை. முதலில் அரைக் கரண்டி, கேட்டால் முகம் சுளிக்காமல் இன்னொரு தடவை என்று மாற்றியதும் டிரம் பாதியானது. யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, தேசத்தில் பட்டினி கிடப்பவர் படத்தை மாட்டவில்லை.

சின்ன ஊராட்சி என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி காற்றாலையே வைத்திருக்கிறது. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் சேர்ந்து மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனபோது, அப்போதைய தலைவர் ஆர். சண்முகமும் ஊராட்சியும் முதலில் சூரிய விளக்கு, பிறகு மரக்கழிவில் எரிவாயு எடுத்து மோட்டார் ஓட்டுவது என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார்கள். 2006-இல் உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை நிறுவினார்கள். மொத்தச் செலவு 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் வந்தது, ஊருக்கு வேண்டியது 4.5 லட்சம், மிச்சத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து அந்தப் பணத்தில் கடனை அடைத்தார்கள்.

இதைக் கேட்டவர்கள் எல்லாம் காற்றாலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது அந்த 40 லட்சத்தை. ஒரு கிராம ஊராட்சி அவ்வளவு சேர்த்து வைத்திருந்தது, அதற்கு முன்பு செய்த சின்ன முயற்சிகளில் மக்கள் நம்பிக்கை வைத்திருந்தார்கள், அதனால்தான் வங்கியும் நம்பியது. எடுத்த எடுப்பில் காற்றாலைக்குப் போகவில்லை.

மழைநீர் சேகரிப்பைச் சட்டம் போட்டு எல்லா வீட்டிலும் வைத்தோமே. அப்புறம் ஏன் 2019-இல் சென்னை காய்ந்தது?

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஒரு மாநிலம் முழுவதும், பழைய வீடு புது வீடு என்று பார்க்காமல், சில மாதங்களில் செய்யவைத்தது பெரிய சாதனை, அதன் பிறகு பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் ஏறியதும் உண்மை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மழை பொய்த்தது முக்கியக் காரணம். ஏரிகளும் சதுப்பும் சுருங்கியது இன்னொன்று. மூன்றாவதாக, அந்த 16 வருடத்தில் எத்தனை வீட்டில் மழைநீர் இறங்கும் குழியின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போட்டார்கள்? கட்டும்போது அதிகாரி வந்து பார்த்தார், அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மண் அடைத்த குழி மழைநீரை வாங்காது, சாக்கடைக்கே அனுப்பும்.

தொடங்கி வைப்பதற்குத் தேதி குறிப்பதுபோல் பராமரிப்புக்கும் குறியுங்கள். எங்கள் குடியிருப்பில் புரட்டாசி முதல் ஞாயிறு குழி கழுவும் நாள், ஐப்பசி மழைக்கு முன்னால். சரஸ்வதி பூஜைக்குத் தூசி தட்டுவதோடு இதுவும் ஒன்றாகிவிட்டது.

குடியிருப்பில் விதி மீறுபவருக்கு அபராதம் போடலாமா?

முதலில் சிறிதாக, மெதுவாக. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் பொதுக் குளம், காடு, மேய்ச்சல் நிலம் இவற்றை மக்கள் தாங்களே எப்படிக் காத்து வருகிறார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்தார், 2009-இல் பொருளாதார நோபல் வாங்கினார். நீண்ட காலம் தாக்குப்பிடித்த இடங்களில் அவர் கண்டது: விதியைப் பயன்படுத்துபவர்களே வகுத்தார்கள், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், முதல் தவறுக்கு லேசான தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் ஏறும். நம் ஊர்க் கண்மாய்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தாரே, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்று பார்ப்பவர், அறுவடையில் ஊரே அவருக்கு நெல் அளந்தது. அதுவும் இதே அமைப்புதான். முதல் மாதமே 500 ரூபாய் அபராதம் என்று நோட்டீஸ் ஒட்டினால் சண்டைதான் மிஞ்சும்.

நிறுவனம் உண்மையாகச் செய்கிறதா, வேஷம் போடுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று நட்ட மரக்கன்றை செப்டம்பரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் ஊற்ற யாருக்காவது பொறுப்புக் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சரியாகப் போகாத ஒன்றையாவது அறிக்கையில் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், வேலை செய்பவர்களுக்குத் தோல்வியும் இருக்கும்.

2019-இல் வந்த பிளாஸ்டிக் தடை தோற்றுவிட்டதா?

பாதி. 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம். ஜவுளிக்கடையிலும் பெரிய கடைகளிலும் கை வீசிக்கொண்டு போன காலம் போய்விட்டது, பை எடுத்துப் போகிறோம். ஆனால் சாம்பார் பார்சலிலும் பூக்கடையிலும் மெல்லிய கவர் திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் இரவு 8 மணிக்கு இட்லி வாங்க வருபவர் கையில் தூக்கு இல்லை, கடைக்காரரிடம் அந்த விலைக்கு வேறு எதுவும் இல்லை. தள்ளுவண்டிக்காரரைப் பிடித்து அபராதம் போடுவதைவிட, கவர் செய்யும் இடத்தைப் பூட்டுவதும், தூக்கோடு வருபவருக்கு ஒரு இட்லி கூட வைப்பதும் வேலை செய்யும் என்பது என் எண்ணம். எங்கள் தெருமுனைக் கடை அக்கா அப்படித்தான் செய்கிறார், மாலையில் அங்கே வரிசையாக எவர்சில்வர் தூக்குகள் நிற்கும்.

எனக்குப் பதவியே இல்லை. நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

சிவப்புத் துணி கட்டும்போது எனக்கும் பதவி இல்லை, ஜூனியர் இன்ஜினியர். கூட வர இரண்டு பேர் இருந்தார்கள். உங்களுக்கும் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் வேறு பிரிவில் இருந்தால் நல்லது, கணக்குப் பிரிவாக இருந்தால் மிக நல்லது.

நான் மாற்றலாகிப் போகிறேன். போனபின் எல்லாம் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான், பல இடத்தில் நின்றுவிடுகிறது. நான் சங்கப் பொறுப்பை விட்டபோது ஒரு கோடு போட்ட நோட்டை எழுதி வைத்தேன். சருகு மூட்டை யார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, குழி கிளறும் கம்பி எங்கே, பழைய பேப்பர் கடைக்காரர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவார், அக்காவுக்குக் கையுறை எந்தக் கடையில் என்ன அளவு, அவர் லீவு போட்டால் யாரைக் கூப்பிடுவது, எந்த வீட்டுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, ஏன். மூன்று மாதம் புதிய செயலாளரோடு நானும் கூடவே நடந்தேன், நான்காவது மாதத்திலிருந்து போகவில்லை. நோட்டு இப்போது மீட்டர் அறையில், ஆணியில் தொங்குகிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்துக்குக் கீழே வேறு இரண்டு பேர் கையெழுத்தில் எட்டுப் பக்கம் கூடியிருக்கிறது, கையுறைக் கடையின் பெயரை அடித்துவிட்டு வேறு கடை எழுதியிருக்கிறார்கள்.